யாழ்ப்பாணத்தில் ஒரு பங்குத் தரகர் கிளை: இரண்டு வருட வாடிக்கையாளராக என் அனுபவம்

2023 தொடக்கத்தில் 20 வீதத்துக்கு மேல் வட்டிக்குப் போட்ட நிலையான வைப்பு முடிந்து, அடுத்த வருடம் அதைப் புதுப்பிக்கப் போனபோது வங்கியில் சொன்ன வட்டி அதில் பாதிகூட இல்லை. கோண்டாவிலில் ஒரு சின்னப் பாமசி வைத்திருக்கிறேன், மாதம் மிஞ்சுவது அதிகம் இல்லை, மிஞ்சுவதைச் சும்மா விடவும் மனமில்லை. நகை வாங்கலாம் என்று அம்மா சொன்னார், சீட்டுப் பிடிக்கலாம் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். தங்கை மட்டும் கொழும்பிலிருந்து போன் எடுத்து, நல்ல கம்பனிப் பங்கு கொஞ்சம் வாங்கிப் பார், யாழ்ப்பாணத்திலேயே தரகர் கிளைகள் இருக்கின்றன என்றாள். அப்படித்தான் நகர மையத்தில் ஒரு மாடிப்படி ஏறினேன்.

எந்த நிறுவனம் என்று எழுதப் போவதில்லை. இதில் பாராட்டும் இருக்கிறது, கடுமையான குறையும் இருக்கிறது, அந்தக் குறை அந்த ஒரு இடத்தில் மட்டும் இருப்பதாகவும் எனக்குத் தெரியவில்லை. நீங்கள் எந்தத் தரகரிடம் போனாலும் இதே விஷயங்களைக் கேட்டுப் பாருங்கள் என்பதற்காகவே எழுதுகிறேன்.

உள்ளே ஒரு பெரிய ரீவித் திரையில் விலைகள் ஓடும், நாலைந்து கதிரை, இரண்டு மேசை. காலையில் போனால் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இரண்டு மூன்று பேர் பேப்பரோடு இருப்பார்கள். மேசையில் இருக்கும் தம்பிக்கு முப்பது வயதுகூட இருக்காது, ஆனால் பொறுமை அதிகம். இந்தக் கிளைக்கு நான் கொடுக்கும் முதல் மதிப்பெண் அந்தப் பொறுமைக்குத்தான். நான் போன முதல் நாளே ஒரு ஐயா, "தம்பி, இந்தப் பங்கு ஏறுமே?" என்று கேட்க, "ஏறுமோ இறங்குமோ எண்டு நான் சொல்ல மாட்டன் ஐயா, கம்பனியின்ர மூண்டு வருசக் கணக்கை எடுத்துத் தாறன், இருந்து பாப்பம்" என்றார். எங்கள் ஊரில் தரகர் என்றால் கலியாணத் தரகரும் காணித் தரகரும்தான் நினைவுக்கு வருவார்கள், இரண்டு பேருமே "நல்ல இடம், விட்டிடாதேங்கோ" என்றுதான் ஆரம்பிப்பார்கள். இந்தப் பதில் எனக்குப் புதிதாக இருந்தது.

கணக்குத் திறப்பது பெரிய வேலை இல்லை. அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், முகவரியை உறுதிப்படுத்த ஒரு பட்டியல். என் வீட்டு மின்சாரப் பட்டியல் இன்னும் அப்பாவின் பெயரில் இருந்ததால் ஒரு நாள் திரும்பி அலைய வேண்டி வந்தது, இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். மூன்று நாளில் சிடிஎஸ் இலக்கம், அதாவது பங்குகள் பதிவாகும் மத்திய வைப்பு முறையில் என் கணக்கு இலக்கம், வந்துவிட்டது. 2020 முதல் கொழும்புப் பங்குச் சந்தையின் சொந்தச் செயலி மூலம் வீட்டில் இருந்தபடியே கணக்குத் திறக்கலாம், இளம் ஆட்கள் அப்படித்தான் செய்கிறார்கள். என்னைப் போல ஒவ்வொரு பெட்டியிலும் என்ன எழுதுவது என்று கேட்டுக் கேட்டு எழுதுகிறவர்களுக்குக் கிளைதான் நல்லது.

முதலில் நான் கேட்டது, தரகர் நிறுவனம் பூட்டிவிட்டுப் போனால் என் பங்குகள் என்ன ஆகும் என்பது. ஊரில் காசை வாங்கிக்கொண்டு ஓடியவர்களைப் பார்த்த எவருக்கும் இந்தக் கேள்விதான் முதலில் வரும், வர வேண்டும். நன்றாக விளக்கினார்கள். பங்குகள் தரகரின் கையில் இருப்பதில்லை, மத்திய வைப்பு முறையில் என் பெயரில் பதிவாகியிருக்கும், தரகர் மாறினாலும் பங்கு என்னுடையதுதான். பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழு என்ற அரச அமைப்பு தரகர்களுக்கு உரிமம் கொடுத்துக் கண்காணிக்கிறது, உரிமம் பெற்ற தரகர் கடனைத் தீர்க்க முடியாமல் போய் முதலீட்டாளருக்கு இழப்பு வந்தால் நட்டஈட்டு நிதி ஒன்றும் வைத்திருக்கிறது. பங்கு விலை இறங்கி வரும் நட்டத்துக்கு அந்த நிதி பொறுப்பில்லை என்பதையும் கேட்காமலே சொன்னார்கள், அது எனக்குப் பிடித்தது. தரகரின் கணக்கில் நாங்கள் போட்டு வைக்கும் காசு வேறு, சிடிஎஸ்ஸில் இருக்கும் பங்கு வேறு என்பதை அன்றே மனதில் பதித்துக்கொண்டேன். வாங்கத் தேவையான காசை மட்டும் அனுப்புவேன், மிச்சத்தை அங்கே விட்டு வைக்க மாட்டேன்.

அடுத்தது செலவு. இதைச் சொன்ன விதத்தில் எனக்குக் கொஞ்சம் மனக்குறை உண்டு. "ஒரு வீதம் அளவில வரும் அக்கா" என்றார்கள், சரி என்று விட்டுவிட்டேன். முதல் தடவை வாங்கி, அந்த வியாபாரத்தின் விபரம் உள்ள ஒப்பந்தச் சீட்டு வந்தபோதுதான் பிரித்துப் பார்த்தேன். 50,000 ரூபாவுக்கு வாங்கியதில் தரகருக்கு 320, பங்குப் பரிவர்த்தனை வரி 150, பங்குச் சந்தைக்கு 42, ஆணைக்குழுவுக்கு 36, சிடிஎஸ்ஸுக்கு 12, மொத்தம் 560 ரூபா. அதாவது 1.12 வீதம். விற்கும்போது அதே 1.12 வீதம் மறுபடியும் போகும். ஆகவே வாங்கிய விலையிலிருந்து கிட்டத்தட்ட 2.3 வீதம் ஏறினால்தான் போட்ட காசு கைக்குத் திரும்பும். நாளுக்கு நாள் வாங்கி விற்று உழைக்கலாம் என்று நினைத்து வருகிறவர்களுக்கு இந்தக் கணக்கை மேசையில் ஒரு தாளில் எழுதி வைத்தாலே பாதிப் பேர் நிதானித்துவிடுவார்கள். எழுதி வைக்கச் சொல்லிக் கேட்டேன். அடுத்த மாதம் போனபோது உண்மையிலேயே ஒட்டியிருந்தார்கள், ஆங்கிலத்தில்.

அந்த ஆங்கிலத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வாய் வார்த்தையில் தமிழில் விளங்கப்படுத்துவதற்கு இந்தக் கிளைக்கு ஈடில்லை. கொமர்ஷல் வங்கிப் பங்கு திரையில் இரண்டு விலையில் ஓடுகிறதே, எது சரி என்று கேட்டேன். ஒன்றின் குறியீட்டில் ஆங்கில N எழுத்து வரும், அது வாக்குரிமை உள்ள பங்கு. மற்றதில் எக்ஸ் (X) எழுத்து வரும், அது வாக்குரிமை இல்லாதது, பெரும்பாலும் விலை குறைவாக இருக்கும். ஹற்றன் நஷனல் வங்கிக்கும் இப்படி இரண்டு உண்டு. பொதுக்கூட்டத்துக்குக் கொழும்பு போய் வாக்களிக்கப் போவதில்லை என்றால் எக்ஸ் பங்கைப் பற்றி யோசிக்கலாம், ஆனால் விற்கும்போது வாங்க ஆள் குறைவாக இருக்கலாம் என்று இரண்டு பக்கத்தையும் சொன்னார்கள். கம்பனி தன் லாபத்திலிருந்து தரும் பங்கிலாபத்தையும் அப்படித்தான் நாலு வரியில் முடித்தார்கள். 1,000 பங்கு வைத்திருக்கும்போது பங்கொன்றுக்கு 5 ரூபா அறிவித்தால் 5,000, அதில் 15 வீத வரியாக 750 பிடித்துக்கொண்டு 4,250 ரூபா நேரே வங்கிக் கணக்குக்கு வரும். எக்ஸ்டி நாள் வந்த பிறகு வாங்கினால் அந்த முறை பங்கிலாபம் கிடைக்காது, அன்று விலையும் அநேகமாக அந்த அளவுக்கு இறங்கும், அதனால் முதல் நாள் ஓடி வந்து வாங்குவதில் லாபம் ஒன்றும் இல்லை. பட்டியலிட்ட பங்கை விற்று வரும் லாபத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை.

2024 பிற்பகுதியில் ஒரு காலை நடந்ததைச் சொல்ல வேண்டும். ஜோன் கீல்ஸ் பங்கு 200 ரூபா அளவில் இருந்தது, திடீரென்று திரையில் 20 ரூபா அளவில் ஓடுகிறது. ஒரு அம்மா கையில் பையோடு படியேறி வந்து, முகம் வெளிறி, "தம்பி, என்ர காசு எல்லாம் போட்டுதே?" என்றார். அந்தத் தம்பி எழும்பி அவருக்குக் கதிரை கொடுத்து, தண்ணீர் கொடுத்து, "அம்மா, ஒரு ஆயிரம் ரூபாத் தாளைக் குடுத்துப் பத்து நூறு ரூபாத் தாள் வாங்கினா உங்கட காசு குறையுமே?" என்று கேட்டார். ஒரு பங்கைப் பத்தாகப் பிரித்திருந்தார்கள், அவ்வளவுதான். அவருடைய கணக்கைத் திறந்து பங்கு எண்ணிக்கை பத்து மடங்காகியிருப்பதைக் காட்டிய பிறகுதான் அந்த அம்மா தண்ணீரைக் குடித்தார். வீட்டில் தனியாக இருந்து போன் திரையில் இதைப் பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைப்பேன். அதே சமயம், இப்படி ஒரு பிரிப்பு வரப்போகிறது என்று வாடிக்கையாளருக்குத் தமிழில் ஒரு குறுஞ்செய்தி முன்கூட்டியே போயிருந்தால் அந்த அம்மா அப்படி ஓடி வந்திருக்கத் தேவையில்லை. ஆங்கிலத்தில் மின்னஞ்சல் போனதாம். அவரிடம் மின்னஞ்சல் இல்லை, மகனுடைய முகவரியைக் கொடுத்திருந்தார், மகன் டோஹாவில்.

பங்கு வாங்கி விற்க இந்தத் தரகர் தந்த செயலியைப் பற்றி. விலைப் பட்டியல், எந்த விலைக்கு எத்தனை பேர் வாங்க விற்க நிற்கிறார்கள் என்ற ஆழப் பட்டியல், என் பங்குகளின் சராசரி விலை எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. சராசரி விலையில் கொமிஷனையும் சேர்த்துக் காட்டுவது மிகவும் உதவி. காலை 9.30 க்குச் சந்தை திறக்கும் நேரத்தில் உள்ளே நுழைவது சில நாள் பெரும் பாடு, சுற்றிக்கொண்டே இருக்கும், கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் வெளியே தள்ளிவிடும். எனக்கு அது அவ்வளவு பெரிய குறை இல்லை, நான் மாதத்தில் ஒரு தரமோ இரண்டு தரமோதான் வாங்குகிறேன்.

ஆனால் செயலியில் ஓடர் போடும் இடத்தில் எனக்கு ஒரு அடி விழுந்தது. அதிகம் கைமாறாத ஒரு சின்னக் கம்பனிப் பங்கு, கடைசியாக விற்றது 41 ரூபா என்று திரையில் இருந்தது. லிமிட் என்றும் மாக்கெட் என்றும் இரண்டு தெரிவு இருந்ததில் மாக்கெட்டை அழுத்திவிட்டேன். 41 க்கு விற்க நின்றவர்களிடம் மொத்தமாக 60 பங்குதான் இருந்தது, மிச்சம் 43, 45, கடைசியில் 48 வரை ஏறி ஏறி வாங்கிவிட்டது. அடுத்த நாள் விலை மறுபடி 41. அன்று முழுக்கக் கடையில் எனக்கு வேலை ஓடவில்லை. லிமிட் என்றால் நான் சொன்ன விலைக்கு மேலே ஒரு சதமும் கொடுக்காது, மாக்கெட் என்றால் கிடைக்கிற விலைக்கு வாங்கும். கணக்குத் திறந்த நாளில் இந்த ஒரு வேறுபாட்டை ஐந்து நிமிடம் உட்கார்த்திச் சொல்லியிருக்க வேண்டும். முறைப்பாடு சொன்னபோது தம்பி வருத்தப்பட்டார், மேலே உள்ளவர் "அது உங்கட ஓடர்தானே" என்றார். சட்டப்படி அவர் சொன்னது சரி. இருந்தாலும் புதிதாக வரும் ஆளுக்கு லிமிட்டை மட்டும் காட்டும்படி செயலியை அமைக்க முடியாதா என்று கேட்டேன், பதில் இல்லை.

விற்ற காசு எப்போது வரும் என்பதையும் தெரிந்து வைத்திருங்கள். வியாபாரம் நடந்த நாளிலிருந்து இரண்டாவது வேலை நாள். செவ்வாய் விற்றால் வியாழன். இடையில் பௌர்ணமிப் போயா விடுமுறை வந்தால் ஒரு நாள் தள்ளும். பிள்ளையின் ரியூசன் காசுக்கு, ஆஸ்பத்திரிச் செலவுக்கு என்று வைத்திருக்கும் காசை இங்கே கொண்டு வராதீர்கள், இரண்டு நாள் தாமதத்தால் மட்டும் சொல்லவில்லை, தேவைப்படும் அன்றைக்கு விலை கீழே கிடந்தால் நட்டத்துக்கு விற்க வேண்டி வரும்.

சரி, எனக்குக் கோபம் வந்த இடத்துக்கு வருகிறேன். கணக்குத் திறந்து எட்டு மாதம் போல இருக்கும், தம்பி விடுமுறையில் இருந்த நாளில் வேறொருவர் ஒரு படிவத்தை நீட்டி, "அக்கா, உங்கட கணக்கு நல்லாப் போகுது, கடன் வசதியும் இருக்கு, கையெழுத்து வைச்சா ஒரு மடங்கு கூட வாங்கலாம்" என்றார். எட்டுப் பக்கம், முழுக்க ஆங்கிலம், எழுத்து எறும்பு அளவு. எனக்கு ஆங்கிலம் மருந்துப் பெட்டியில் உள்ளதைப் படிக்கும் அளவுக்குத் தெரியும். வீட்டுக்குக் கொண்டு போய்த் தங்கைக்குப் படம் எடுத்து அனுப்பினேன். நான் வாங்கிய பங்கையே அடகாக வைத்துக் கடன் தருகிறார்கள், அதற்கு வட்டி, பங்கு விலை இறங்கி அடகின் பெறுமதி குறைந்தால் மேலதிகக் காசு கட்ட வேண்டும், கட்டாவிட்டால் என்னைக் கேட்காமலே விற்க அவர்களுக்கு உரிமை. எங்கள் ஊரில் நகையை அடகு வைத்தால் ஏலத்துக்குப் போகும் முன் கடிதம் வரும், ஓடி வட்டியாவது கட்டி மீட்க வழி இருக்கும். இங்கே ஒரு பகலுக்குள் முடிந்துவிடலாம்.

இது வெறும் பயம் இல்லை. கிளையில் அடிக்கடி காணும் ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் வேறொரு தரகரிடம் இப்படிக் கடனில் 2022 ஜனவரியில் வாங்கியவர். அப்போது சந்தையின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 13,000 ஐத் தாண்டி நின்றது, எல்லாரும் வாங்கினார்கள். ஏப்ரலில் நாடு கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது, பங்குச் சந்தையை ஒரு வாரம் மூடினார்கள், 25 ஆம் திகதி திறந்த அன்றே விலைகள் விழுந்து வியாபாரத்தை நிறுத்த வேண்டி வந்தது. அவருடைய பங்குகளைத் தரகர் விற்றுக் கடனை எடுத்துக்கொண்டார். வருட முடிவில் சுட்டெண் 8,500 க்குக் கீழே. பிறகு சந்தை மீண்டு 2024 முடிவில் 15,900 ஐத் தாண்டியது, கடன் இல்லாமல் அதே பங்கைப் பொறுமையாக வைத்திருந்தவர்கள் அந்த ஏற்றத்தைக் கண்டார்கள், அவரிடம் மட்டும் ஏறுவதற்குப் பங்கு இல்லை. "பிள்ளை, நான் கம்பனியைப் பிழையாத் தெரிவு செய்யேல்லை, கடதாசியை வாசிக்காமல் விட்டிட்டன்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடன் கூடாது என்று எவருக்கும் நான் தடை சொல்ல முடியாது, தெரிந்து எடுப்பவர்கள் எடுக்கட்டும். ஆனால் தமிழில் வாய் நிறையப் பேசிவிட்டு, கையெழுத்து வைக்கும் கடதாசியை மட்டும் ஆங்கிலத்தில் தருவதை என்னால் ஏற்க முடியவில்லை. கணக்குத் திறக்கும் ஒப்பந்தம், கடன் ஒப்பந்தம், ஒப்பந்தச் சீட்டு, மின்னஞ்சல், சுவரில் ஒட்டிய கட்டண விபரம், எல்லாம் ஆங்கிலம். கிளைக்கு வருபவர்களில் பெரும்பாலானோர் தமிழில் படித்து, தமிழில் கற்பித்து, தமிழில் கணக்கு எழுதியவர்கள். மருந்து கொடுக்கும்போது எத்தனை வேளை, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று உறையில் தமிழில் எழுதித்தான் கொடுக்கிறேன். அவர்களுடைய பென்சன் காசுக்கும் அந்தக் கவனம் வேண்டும்.

வெளிநாட்டுக் காசு பற்றியும் பலர் கேட்கிறார்கள், யாழ்ப்பாணத்தில் கேட்காமல் இருந்தால்தான் அதிசயம். கனடாவில் இருக்கும் அண்ணா அனுப்பும் காசில் என் பெயரில் பங்கு வாங்கினால் என்ன என்று நானும் கேட்டேன். வாங்கலாம், ஆனால் அது உங்கள் பங்காகத்தான் இருக்கும், அவர் தன் பெயரில் வாங்கி, பிறகு விற்ற காசைத் திரும்ப அங்கே கொண்டுபோக வேண்டும் என்றால் வங்கியில் உள்முக முதலீட்டுக் கணக்கு ஒன்று திறந்து அதன் வழியாகக் காசு வர வேண்டும் என்றார்கள். இரண்டு வீட்டுக்கு இடையில் பின்னாளில் மனக்கசப்பு வராமல் இருக்க இதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. அண்ணாவிடம் சொன்னேன், அவர் தன் பெயரிலேயே திறந்துவிட்டார்.

ஆக, விளக்கத்துக்கும் மரியாதைக்கும் ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன், செயலிக்கு மூன்று, கடதாசிக்கு ஒன்று. நான் தொடர்ந்து அங்கேயே இருக்கிறேன். போக நினைப்பவர்கள் பிற்பகல் 2.30 க்குப் பிறகு போங்கள், சந்தை மூடியிருக்கும், ஆறுதலாகக் கதைப்பார்கள். அடையாள அட்டையோடு உங்கள் பெயரிலேயே உள்ள பட்டியலைக் கொண்டு போங்கள். எந்தக் கடதாசியையும் அங்கேயே கையெழுத்து வைக்காமல் வீட்டுக்குக் கொண்டு வருகிறேன் என்று சொல்லுங்கள், மறுக்க மாட்டார்கள், எனக்கு மறுக்கவில்லை.

ஒப்பந்தங்களின் தமிழ்ப் பிரதி வேண்டும் என்று போன மாதம் தலைமையகத்துக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பியிருக்கிறேன். அதிபர் ஐயாவும் இன்னும் பதினொரு பேரும் கையெழுத்து வைத்திருக்கிறார்கள். பதில் இன்னும் வரவில்லை.